கைதிகளைத் தோட்ட வேலைக்கு விடும் யோசனையை முளையிலேயே நிறுத்தக் கோரி மனு

அனுப்புநர்:
தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள்,
நடுவட்டம் பகுதி, நீலகிரி மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
உதகமண்டலம்.

பொருள்: சிறைக் கைதிகளைத் தனியார் தோட்டங்களில் வேலைக்கு விடக் கூடாது என வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு, வணக்கம்.

தேயிலைத் தோட்டங்களில் ஆள் பற்றாக்குறை இருப்பது தாங்கள் அறிந்ததே. எங்கள் பிள்ளைகள் திருப்பூருக்கும் கோவைக்கும் போய்விட்டார்கள். இந்த நேரத்தில், "ஜெயிலில் சும்மா உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களைக் கொண்டுவந்து கொழுந்து எடுக்க விட்டால் என்ன?" என்ற பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. இன்றைக்கு இது வெறும் பேச்சுதான். அரசாணை வந்த பிறகு அழுது பயனில்லை என்பதால் இப்போதே எழுதுகிறோம்.

இந்த மலை இதை ஏற்கெனவே பார்த்திருக்கிறது. 1860-களில் மலேரியாக் காய்ச்சலுக்கான கொய்னா மருந்துக்காக இங்கே சிங்கோனா மரம் பயிரிட்டபோது, சிங்கப்பூர், பினாங்குப் பக்கத்துச் சிறைகளில் இடமில்லாமல் சென்னை மாகாணத்துக்கு அனுப்பப்பட்ட சீனக் கைதிகளைத்தான் கொண்டுவந்து வேலை வாங்கினார்கள். அவர்களை அடைத்து வைத்த சிறை நடுவட்டத்தில் இன்றும் நிற்கிறது. கூடலூர் போகிற சுற்றுலாக்காரர்கள் இறங்கிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

அமெரிக்காவில் 1865-இல் அடிமை முறையை ஒழித்த சட்டத்திருத்தமே, குற்றத்துக்குத் தண்டனையாக இருந்தால் மட்டும் பரவாயில்லை என்று ஒரு சந்து விட்டது. அந்தச் சந்து வழியாக, விடுதலையான கறுப்பின மக்களை வேலையில்லாமல் திரிகிறார்கள் என்று பிடித்துச் சிறையில் போட்டு, சுரங்கத்துக்கும் ரயில் பாதைக்கும் வாடகைக்கு விட்டார்கள். அலபாமா மாநிலத்தில் இது 1928 வரை நடந்தது.

இங்கே எப்படி நடக்கும் என்று எங்களுக்குத் தெரியும். தோட்டத்துக்கு இத்தனை ஆள் என்று ஒப்பந்தம் ஆகிவிட்டால், விடுதலையாகிப் போகிறவன் இடத்துக்கு இன்னொருவன் வந்தாக வேண்டும். விறகு பொறுக்கக் காட்டுக்குள் போனது, டீக்கடையில் கைகலப்பு, எல்லாமே வழக்காகும். ஜாமீனுக்கு ஆள் நிறுத்த முடியாதவர்கள் யார்? பணியர், காட்டுநாயக்கர், இருளர் என்ற பழங்குடி மக்களும், தோட்டத்து லயன் (வரிசைக் குடியிருப்பு) வீட்டுப் பிள்ளைகளும்தான். இப்போதே நம் நாட்டுச் சிறைகளில் இருப்பவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் தீர்ப்பே வராத விசாரணைக் கைதிகள்.

பறித்த கொழுந்தை எடை போடும் இடத்தில் ஈரத்துக்கு, சாக்குக்கு என்று கிலோ கழிக்கிறார்கள். நாங்கள் தராசுக்குப் பக்கத்திலேயே நின்று சண்டை போடுவோம், சரிப்படாவிட்டால் வேறு தோட்டம் பார்த்துக்கொள்வோம். கைதி யாரிடம் கேட்பான்? வாய் திறந்தால் தண்டனைக் குறைப்புப் போய்விடுமே என்று குனிந்து எடுத்துக்கொண்டே இருப்பான். அப்புறம் அவனுக்குக் கொடுக்கிற காசைக் காட்டி எங்கள் கூலியையும் இறக்குவார்கள்.

தப்பு செய்தவன் தண்டனை அனுபவிக்கட்டும், அதை நாங்கள் மறுக்கவில்லை. கடுங்காவல் கைதியிடம் வேலை வாங்கலாம் என்று சொன்ன உச்ச நீதிமன்றம்தான், நியாயமான கூலி கொடுத்தாக வேண்டும் என்றும் 1998-இல் சொன்னது. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவது அரசமைப்பின் 23-ஆவது பிரிவு தடுக்கும் கட்டாய உழைப்பே என்று 1982-லேயே தீர்ப்பு இருக்கிறது. கைதியைத் தனியார் கையில் வேலைக்கு ஒப்படைப்பதைக் கட்டாய உழைப்பாகவே பார்க்கும் 1930-ஆம் ஆண்டின் சர்வதேசத் தொழிலாளர் உடன்படிக்கையை இந்தியாவும் 1954-இல் ஏற்றிருக்கிறது.

ஆகவே, இம்மாவட்டத்தின் எந்தத் தனியார் தோட்டத்துக்கும் கைதிகளை அனுப்பக் கூடாது என்று தாங்கள் அரசுக்குப் பரிந்துரை அனுப்ப வேண்டும். சிறைக்குள் நடக்கும் வேலைக்கும் குறைந்தபட்சக் கூலி தர வேண்டும் என்பதை அதிலேயே சேர்க்க வேண்டும். நடுவட்டம் சிறையின் வாசலில், யாரை, எங்கிருந்து, எதற்காகக் கொண்டுவந்தார்கள் என்று தமிழில் ஒரு பலகை வைக்க வேண்டும். எடுக்கும் நடவடிக்கையை எங்களுக்கு எழுத்துமூலம் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள்,
நடுவட்டம்.

இணைப்பு: கையெழுத்து, கைரேகைத் தாள்கள்.