சைக்ஸ்காரர்கள் எல்லாரும் பங்காளிகளா?

ஹடர்ஸ்ஃபீல்டு

அன்புள்ள மாமாவுக்கு வணக்கம். எல்லோரும் நலம். "எங்கே திரும்பினாலும் சைக்ஸ் என்கிறாயே, எல்லாரும் பங்காளிகளா?" என்று கேட்டீர்கள். போனில் சொல்லி முடியாது, அதனால் எழுதுகிறேன்.

சைக்ஸ் என்பது இங்கே ஒரு குடும்பப் பெயர். இந்த மலைப்பக்கத்துப் பேச்சில் சைக் என்றால் சின்ன ஓடை. சதுப்பு மேட்டிலிருந்து கசிந்து இறங்கும். பல இடங்களில் அதுதான் நிலத்துக்கு எல்லை. ஓடையோரம் குடியிருந்தவனுக்கு வந்த அடையாளம், பிறகு பிள்ளைகளுக்கும் ஒட்டிக்கொண்டது. வட இங்கிலாந்தில் ஓடைக்கா பஞ்சம்? பல ஊர்களில் தனித்தனியே முளைத்த பெயர் என்றுதான் நினைத்திருந்தார்கள்.

2000-இல் ஆக்ஸ்ஃபோர்டு மரபியலாளர் பிரையன் சைக்ஸ் (அவரும் சைக்ஸ்தான்!) இந்தப் பெயருள்ள 48 ஆண்களின் ஒய் குரோமோசோமைச் சோதித்தார். அது தகப்பனிடமிருந்து மகனுக்கு மட்டும் போவது. கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு ஒரே வகை. அதே வட்டாரத்து வேறு பெயர்க்காரர்களிடம் அது இல்லை. அந்தப் பாதிப் பேர் பங்காளிகள்தான். மீதிப் பேர் விஷயத்தில், தத்து, தாய் வழியில் வந்த பெயர், வெளியே சொல்லாத உறவு எல்லாம் 700 ஆண்டில் சேர்ந்திருக்கும். 1881 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் சைக்ஸ் அடர்த்தி ஹடர்ஸ்ஃபீல்டைச் சுற்றித்தான்.

ஒரு குடும்பத்தைத் தேடிப் போவதென்றால் பின்னோக்கித்தான் போகவேண்டும். முதலில் கணக்கெடுப்புகள். 1851-லிருந்து பிறந்த ஊர் இருக்கும். 1841-ல், குடியிருக்கும் கவுண்டியிலேயே (நம் மாவட்டம் மாதிரி) பிறந்தவரா இல்லையா என்பது மட்டும்தான். அதிலும் 15-க்கு மேற்பட்டவர் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதினார்கள், 29 வயதுக்காரர் 25 ஆகிவிடுவார். அரசுப் பிறப்புப் பதிவு 1837 ஜூலையில் தொடங்குகிறது. அதற்கு முன் தேவாலயப் பதிவேடு, 1538 முதல். ஆனால் பல ஊர்களில் ஆரம்ப ஏடுகள் இல்லை. 1752-க்கு முன் புத்தாண்டு மார்ச் 25. ஏட்டில் 1700 பிப்ரவரி என்றால் நம் கணக்கில் 1701. இதைக் கவனிக்காதவர்களுக்குக் கல்யாணத்துக்கு முன்பே பிள்ளை பிறந்துவிடும்!

ஸ்லைத்வெயிட் கிராமத்தை உள்ளூரில் 'ஸ்லாவிட்' என்பார்கள். குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். அந்தக் கிராமம் அப்போது ஹடர்ஸ்ஃபீல்டு தேவாலயத்துக்கு உட்பட்டிருந்தது, பக்கத்து லின்த்வெயிட்டோ ஆல்மண்ட்பரிக்கு. இரண்டு ஏட்டையும் பார்க்கவேண்டும்.

பெரிய தொல்லை, ஒரே ஊரில் பல ஜான் சைக்ஸ். ஊர்க்காரர்கள் 'டாம் ஓ பில்ஸ்', அதாவது பில் மகன் டாம், என்று அழைத்துச் சமாளித்தார்கள், நம் இனிஷியல் மாதிரி. ஏடுகளில் அது பெரும்பாலும் ஏறவில்லை. அதனால் உயிலையும் குத்தகைப் பத்திரத்தையும் வைத்துத்தான் எந்த ஜான் என்று பிரிக்கவேண்டும்.

அத்தைக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

தங்கள் மருமகன்
செந்தில்