ஆராய்ச்சியில் சேரலாமா என்று கேட்டாயே

மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. அக்காவைச் சர்க்கரை மருந்து ஆராய்ச்சியில் சேரச் சொல்கிறார்கள், நம்மை வைத்துச் சோதனை பார்க்கிறார்களா என்று கொதித்திருக்கிறாய். நியாயமான பயம்தான். ரிட்டையர் ஆனபிறகு இங்கே சித்தூர்ப் பக்கம் ஒரு மருத்துவக் கல்லூரியின் நெறிமுறைக் குழுவில், அதாவது ஆராய்ச்சி நோயாளிக்குப் பாதுகாப்பாகவும் நியாயமாகவும் இருக்கிறதா என்று பார்த்து அனுமதி தரும் குழுவில், மருத்துவம் படிக்காத உறுப்பினராக இருக்கிறேன் (மருந்து ஆராய்ச்சிக்கான 2019 விதிப்படி அப்படி ஒருவர் கட்டாயம் வேண்டும், பாதிப் பேராவது கல்லூரிக்கு வெளியாட்களாக இருக்க வேண்டும்). அங்கே பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

இந்த மாதிரி ஆராய்ச்சியை ஒரே ஆஸ்பத்திரி தனியாகச் செய்தால் நோயாளிகள் போதாது, வருகிற முடிவும் அந்த ஊருக்கு மட்டுமே பொருந்துவதாக இருக்கலாம். அதனால்தான் பல இடங்கள் சேர்கின்றன. ரோட்டாவாக் தடுப்பூசியை டெல்லி, புனே, நம் வேலூர் மூன்று இடங்களிலும் 6,799 குழந்தைகளிடம் சோதித்தார்கள், குழந்தையின் முதல் வருடத்தில் ரோட்டா வைரஸின் கடுமையான வயிற்றுப்போக்கு 56 சதவீதம் குறைந்தது என்று 2014இல் முடிவு வந்தது. ஆராய்ச்சி புது மருந்தைப் பார்ப்பதற்கு மட்டுமல்ல, 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு, வீட்டில் இருந்தே மருந்து சாப்பிட்டாலும் சானடோரியத்தில் (காசநோய் ஆஸ்பத்திரியில்) படுத்துச் சாப்பிட்டதற்கு ஈடாகக் குணமாகும் என்று காட்டியது, ஏழைகளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம், யோசித்துப் பார்.

சேர்ந்து செய்வதில் கஷ்டமான வேலை, எல்லாரும் ஒரே கேள்வியை ஒரே முறையில் கேட்பது. எதை அளப்போம், எத்தனை பேர் வேண்டும், எப்போது நிறுத்துவோம் என்பதெல்லாம் முதல் நோயாளி சேருமுன்பே எழுதி முடிவாகிவிட வேண்டும். யாருக்குப் புது மருந்து என்பதை டாக்டர் தேர்ந்தெடுக்க முடியாது, கம்ப்யூட்டர் குலுக்கல் போல ஒதுக்கும். இல்லையென்றால் தெரிந்தோ தெரியாமலோ தேறக்கூடியவர்களுக்கே நல்ல மருந்தைக் கொடுத்துவிடுவார்கள்.

ஆனால் திட்டம் தாளில் அழகாக இருந்து ஊரில் தடுக்கி விழுவதும் உண்டு. போன வருடம் எங்களிடம் வந்த ஒன்றில் நோயாளிகள் மாதாமாதம் வேலைநாளில் காலையில் வர வேண்டும் என்றிருந்தது. ஜூன், ஜூலையில் இங்கே தோத்தாபுரி மாம்பழக் கூழ் ஃபாக்டரிகளில் பாதி ஜனம் வேலை செய்யும்போது யார் வருவார்கள்? கூலி போகும், பஸ் காசு போகும், வராதவர்களின் கணக்கு விட்டுப்போனால் ஆய்வே ஆட்டம் காணும். நான் சொன்னேன், உள்ளூர் சமூகப்பணியாளர் அம்மாவும் பிடித்துக்கொண்டார், ஞாயிற்றுக்கிழமையும் பார்க்கலாம், பயணச் செலவும் தரலாம் என்று மாற்றி எழுதி வந்தார்கள். படிவம் தெலுங்கிலும் தமிழிலும் இருக்கிறதா, படிக்கத் தெரியாதவருக்கு முன்னால் சம்பந்தமில்லாத சாட்சி ஒருவர் உட்கார்ந்து கேட்டாரா என்பதையும் விடமாட்டோம்.

சரி, அக்கா விஷயம். ஆராய்ச்சிக்கு சிடிஆர்ஐ (இந்தியாவில் நடக்கும் மருத்துவ ஆராய்ச்சிகளின் பதிவேடு) பதிவு எண் இருக்கும், அதை வாங்கி அந்தத் தளத்தில் போட்டுப் பார், யார் நடத்துகிறார்கள், எங்கெங்கே என்று தெரியும். உடம்புக்கு ஏதாவது ஆனால் யார் செலவில் வைத்தியம், நஷ்டஈடு யார் தருவார்கள் என்று நேராகக் கேள். படிவத்தை வீட்டுக்கு எடுத்துப்போய் யோசிக்க விடாமல் அப்போதே கையெழுத்து கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். அப்புறம், அக்கா நடுவில் விலகினாலும் வழக்கமான வைத்தியம் குறையக் கூடாது, அதுவும் தாளில் எழுதியிருக்க வேண்டும். போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்பு, நான் வரிவரியாகப் படித்துச் சொல்கிறேன்.