பாதி வழியில் திரும்பியது ஏன்

அன்புள்ள முத்து,

இங்கே நலம். பேரன் காதுப் புண் ஆறிவிட்டதா? காதுகுத்துக்கு நாங்கள் வராததில் உனக்கு மனத்தாங்கல் என்று தங்கச்சி போனில் சொன்னது. ‘பிட்ஸ்பர்க்கில் நல்ல வெயில், இவனுக்கு மட்டும் என்ன வானிலை?’ என்று கேட்டாயாமே. நியாயமான கேள்விதான். போனில் சொன்னால் சாக்குப்போக்காகத் தோன்றும் என்றுதான் எழுதுகிறேன்.

கொலம்பஸிலிருந்து கோயிலுக்குக் காரில் 3 மணி நேரம், என் செஸ்னா குட்டி விமானத்தில் ஒன்றரை மணி நேரம். காலையில் முன்னறிவிப்பைப் பார்த்தேன். மேகம் 4,000 அடியில் இருக்கும், போகப் போகக் கலையும் என்றது. ஸேன்ஸ்வில் ஊரைத் தாண்டும்வரை அப்படியேதான் இருந்தது. அப்புறம் மேகம் கொஞ்சம் தாழ்ந்தது, நானும் 2,500 அடிக்கு இறங்கினேன். இன்னும் தாழ்ந்தது, 2,200. அப்புறம் 2,000. அந்தப் பக்கத்து மேடுகளே கடல் மட்டத்திலிருந்து 1,200 அடிக்கு மேல். மேலே கூரை இறங்கி வருகிறது, கீழே தரை ஏறி வருகிறது, நடுவில் நாங்கள்.

பார்வையை நம்பி ஓட்டுகிறவனுக்குச் சட்டம் எளிமையானது. அங்கே பகலில் மேகத்துக்கு 500 அடி கீழே இருக்க வேண்டும், 3 மைல் தூரம் தெரிய வேண்டும். ஆனால் வானம் கதவைச் சாத்துவதுபோல் ஒரே நேரத்தில் மூடிவிடுவதில்லை, முத்து. இப்போது இருப்பது ஐந்து நிமிடம் முன்பு இருந்ததைவிட ஒரு பிடிதான் மோசம். கீழே 70ஆம் எண் நெடுஞ்சாலை தெரிகிறது, லாரிகள் தெரிகின்றன. சாலையைப் பிடித்துக்கொண்டே போய்விடலாம் என்று மனசு சொல்கிறது. அதற்கு மேல் இன்னொன்று: நீ மண்டபத்தில் காத்திருக்கிறாய், முகூர்த்தம் ஒன்பதரைக்கு. மேகத்தைவிட அதுதான் என்னை முன்னே தள்ளியது. உன்னிடம் மறைக்க மாட்டேன், திரும்ப வேண்டிய இடத்தைத் தாண்டி ஏழெட்டு நிமிடம் போய்விட்டேன்.

முன்னால் வானமும் தரையும் சேரும் கோடு அழிந்து, எல்லாம் ஒரே சாம்பல் நிறமானபோதுதான் உடம்பு நடுங்கியது.

அந்தக் கோடு போனால் என்ன ஆகும் தெரியுமா? சின்ன வயதில் தட்டாமாலை சுற்றுவோமே, நின்ற பிறகும் தெரு சுற்றும். காதுக்குள் இருக்கும் நீர் செய்கிற வேலை அது. விமானம் மெதுவாக ஒரு பக்கம் சாய்ந்தால் காதுக்குத் தெரியவே தெரியாது. தெரிந்தாலும், ஒரே சீராகத் திரும்பிக்கொண்டிருந்தால் அரை நிமிடத்துக்குள் அந்த நீர் அடங்கிவிடும், நேராகப் போவதாகவே நம்புவாய். சரி செய்து நிமிர்த்தினால் எதிர்ப்பக்கம் சாய்வதுபோல் தோன்றும், மறுபடி பழைய சாய்வுக்கே கொண்டுபோவாய். மூக்கு தாழும், வேகம் கூடும். மூக்கைத் தூக்கப் பின்னால் இழுத்தால் சுழல் இன்னும் இறுகும். விமானிகள் இதைக் கல்லறைச் சுழல் என்கிறார்கள்.

1954இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்தார்கள். கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டிப் பழகாத 20 பேரை ஒரு பொனான்ஸா விமானத்தில், வெளியே எதுவும் தெரியாதபடி செய்து ஓட்டவிட்டார்கள். 20 பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள். சராசரியாக 178 வினாடி. மூன்று நிமிடம்கூட இல்லை. பிறகு அதே ஆட்களுக்குத் தப்பி வரும் வழியைச் சொல்லிக்கொடுத்தார்கள்: சக்கரத்தை இறக்கு, வேகத்தைக் குறை, கைப்பிடியிலிருந்து கையை எடு, காலால் மட்டும் மெல்லத் திருப்பு. அநேகமாக எல்லா முயற்சியிலும் அவர்களால் வந்த திசைக்கே திரும்ப முடிந்தது. அந்தக் கையை எடுப்பது என்னை மிகவும் யோசிக்க வைத்தது. பயந்தவன் இறுகப் பிடிக்கத்தானே செய்வான்?

அமெரிக்க அதிபராக இருந்த கென்னடியின் மகன் ஜான் கென்னடி ஜூனியர், விமானத்தைத் தானே ஓட்டிக்கொண்டு 1999 ஜூலை 16 இரவு கிளம்பியதும் ஒரு கல்யாணத்துக்குத்தான், சித்தப்பா மகள் கல்யாணம். வழியில் மார்த்தாஸ் வின்யார்ட் தீவில் மைத்துனியை இறக்கிவிட வேண்டும். மனைவியும் கூட இருந்தார். சட்டப்படி அன்று பறக்கத் தடையில்லை. ஆனால் கடல்மேல் புகைமூட்டம், இருட்டு. எது வானம், எது தண்ணீர் என்று பிரித்தறிய ஒன்றும் இல்லை. வலப்பக்கம் திரும்பிக்கொண்டே கடலில் விழுந்தார்கள், மூவரும் போனார்கள். திசைப்புலன் தடுமாற்றம் என்றது விசாரணை.

நம் ஊருக்குப் பக்கத்திலேயே, 2021 டிசம்பர் 8 அன்று குன்னூரில் விமானப்படை ஹெலிகாப்டர் விழுந்ததும் அதே வகைதான். சூலூரிலிருந்து வெலிங்டன் எத்தனை தூரம்! ஹெலிகாப்டர் மூடுபனிக்குள் போவதைக் கீழிருந்து யாரோ எடுத்த காணொளியை நாம் எல்லோருமே பார்த்தோம். பள்ளத்தாக்கில் வானிலை திடீரென மாறி மேகத்துக்குள் போனதால் விமானிக்குத் திசைப்புலன் தடுமாறியது என்று முப்படை விசாரணை சொன்னது. கைதேர்ந்தவர்கள் ஓட்டியது அது. பதினான்கு உயிர்.

நான் விமானி உரிமம் வாங்கியபோது கருவி பார்த்து ஓட்டும் பயிற்சி 3 மணி நேரம்தான். கண்ணை வெளியிலிருந்து எடுத்து, விமானத்தின் சாய்வைக் காட்டும் செயற்கைத் தொடுவானக் கருவியில் வைத்து, மெதுவாக 180 டிகிரி திருப்பினேன். அந்த ஒரு நிமிடம் பக்கத்தில் மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. ஸேன்ஸ்வில்லில் இறங்கி எஞ்சினை நிறுத்தியபோது மணி எட்டேகால். அங்கிருந்து காரில் வந்திருந்தாலும் முகூர்த்தம் முடிந்திருக்கும். ஓடுதளத்து அறையில் உட்கார்ந்து, உங்களுக்காகக் கட்டிய புளியோதரையைப் பிரித்துச் சாப்பிட்டோம்.

அடுத்த மாதம் முறையான கருவிப் பயிற்சி தொடங்குகிறேன், 40 மணி நேரம். அது முடிகிறவரை மேகம் இருக்கிற நாளில் உன் வீட்டுக்குக் கார்தான். அடுத்த சனிக்கிழமை வருகிறோம். பேரனுக்கு என் மனைவி தோடு வாங்கி வைத்திருக்கிறாள். தங்கச்சியிடம் சொல், சமையலை அவள் பார்த்துக்கொள்வாள்.

உன்,
சேகர்