‘ப, இட், ட, இம்’ என்று படிக்கும் பிள்ளைகளுக்கு

அன்புள்ள சரசு,

உன் கடிதம் கிடைத்தது. தடப்பள்ளி வாய்க்காலில் தண்ணீர் விட்டாச்சு, கோபிப் பக்கம் எல்லோரும் நாற்றங்காலில்தான் இருக்கிறார்கள். வீட்டில் எல்லோரும் சுகம். மற்ற சேதிகளைப் போனில் பேசிக்கொள்வோம். நீ கேட்டதற்கு எழுத்தில்தான் பதில் சொல்ல முடியும்.

உன் திண்ணைக்கு வரும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் க ங ச-வை மூச்சு விடாமல் ஒப்பிக்கிறார்கள், ‘பட்டம்’ என்று எழுதிக் காட்டினால் மட்டும் ‘ப, இட், ட, இம்’ என்கிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். அவர்கள் மேல் தப்பே இல்லை. இக், இங், இச் என்பது மெய்யெழுத்தின் பெயர். அந்தப் பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கும் ‘இ’ வார்த்தைக்குள் கிடையாது. பெயரைக் கற்ற பிள்ளை பெயரைத்தான் வாசிக்கும். அதனால் இப்போதைக்கு இக், இங் சொல்வதை அடியோடு நிறுத்திவிடு. மெய்யைத் தனியாகவே சொல்லாதே, முன்னால் இருக்கும் எழுத்தோடு சேர்த்தே சொல்: பட், கட், தட், மட். பிறகு பம், கம், தம், டம்.

தரையில் சாக்பீஸால் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கட்டம் போடு. ‘பட்’ என்று சொல்லும்போது பிள்ளை ஒரு புளியங்கொட்டையை முதல் கட்டத்துக்குள் தள்ளட்டும். ‘டம்’ சொல்லும்போது அடுத்ததில் ஒன்று. பிறகு இரண்டு கட்டத்தின் மேலும் விரலை ஓட்டி ‘பட்டம்’ என்று சேர்த்துச் சொல்லட்டும். எழுத்தைக் காட்டாமலே சில நாள் இதைச் செய். காது பிரித்துக் கேட்கப் பழகிய பிறகு கொட்டை இருந்த இடத்தில் எழுத்து அட்டையை வை. காதைத் தாண்டிக் கண்ணுக்குப் போனால் மறுபடி மனப்பாடம்தான் வரும்.

247 எழுத்தும் முடிந்த பிறகுதான் வாசிப்பு என்று காத்திருக்க வேண்டாம். ட, ப இரண்டும் நேர்கோட்டு எழுத்துகள், ம-வில் ஒரு வளைவு மட்டும்தான், மூன்றும் எழுதவும் சுலபம். இந்த மூன்றும் ம், ட் இரண்டும் இருந்தால் முதல் வாரமே படம், மடம், பட்டம், மட்டம், படபட, மடமட எல்லாம் வாசித்துவிடலாம். அடுத்து க, த சேர்த்தால் பக்கம், கட்டம், தடம். பிறகு துணைக்கால்: பாடம், மாடம், காகம், தாத்தா. அப்புறம் மேல்விலங்கு போடும் ‘இ’: பட்டி, தட்டி, பாட்டி, தாடி. ஒரு நாளைக்கு இருபது நிமிடம் போதும். அதற்கு மேல் இழுத்தால் வாய் சொல்லும், கண் வேறெங்கோ இருக்கும்.

இங்கே ஒரு குழி உண்டு. துணைக்காலும் ‘ர’வும் பிள்ளைக் கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் தெரியும். ‘பாடம்’ என்பதைப் ‘பரடம்’ என்று படிப்பது இதனால்தான். துணைக்கால் நன்றாக ஊறும்வரை இரண்டு மூன்று வாரம் ‘ர’வைக் கொண்டுவராதே. ண, ன இரண்டையும் அதேபோல் ஒரே வாரத்தில் காட்டாதே.

குறில் நெடிலுக்கு நம் பழைய இலக்கணக் கணக்கே கை கொடுக்கும். குறிலுக்கு ஒரு சொடக்கு, நெடிலுக்கு இரண்டு. ஜோடி ஜோடியாகக் கொடு: படம் பாடம், விடு வீடு, குடம் கூடம், பெட்டி பேட்டி, கொடு கோடு. உகரத்தில்தான் அதிகம் தடுமாறுவார்கள், ஏனென்றால் அதற்கு ஒரே குறி கிடையாது. சு, பு, யு, வு ஒரு கூட்டம். கு, டு, மு, ரு, ழு, ளு இன்னொன்று. து, நு, லு, று, ணு, னு மூன்றாவது. வரிசைப்படி கு, சு, டு, து என்று போகாமல் கூட்டம் கூட்டமாகப் போ. கெ, கே, கை அதற்கும் பிறகு. குறி முன்னால் நிற்கிறது, ஒலி பின்னால் வருகிறது. இடமிருந்து வலமாக வாசிக்கப் பழகிய பிள்ளை அங்கே திகைக்கும். குறியையும் எழுத்தையும் ஒரே அட்டையில் ஒரே உருவமாகக் காட்டு. கொ, கோ கடைசியில் வரட்டும். ஔகாரத்துக்கு அவசரமே இல்லை.

ஆரம்பத்தில் பேச்சும் எழுத்தும் ஒன்றாக இருக்கும் வார்த்தைகளாகப் பார்த்து எடு. மாடு, காடு, தோட்டம், தட்டு, பட்டி, கட்டில். அம்மிச்சி, அப்புச்சி இரண்டும் நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தினமும் வாயில் வருபவை, இரட்டித்த மெய்க்கும் அருமையான பயிற்சி. ஆத்துக்கு, கன்னுக்குட்டி என்று பேசும் பிள்ளையிடம் முதல் மாதமே ஆற்றையும் கன்றையும் நீட்டினால், எழுத்து தன் பேச்சோடு சேராத ஏதோ ஒன்று என்று நினைத்துக்கொள்ளும். ற்ற, ன்ற வரும்போது “பேசறப்பக் காத்து, எழுதறப்பக் காற்று” என்று ஒரு முறை சொல்லிவிட்டால் போதும், அவர்கள் பேச்சைத் திருத்தாதே.

பனியன் கம்பெனி லைன் வீட்டிலிருந்து வரும் ஒடிசா, பீகார் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டிருந்தாய். அவர்கள் எழுத்தில் ‘ப’வின் வன்மையான ஒலிக்கும் மென்மையான ஒலிக்கும் தனித்தனி உருவம் உண்டு. பம்பரத்தில் நாம் ஒரே எழுத்தை இரண்டு விதமாகச் சொல்கிறோம். நம் பிள்ளைக்கு வார்த்தை தெரியும், நாக்கு தானாகத் திரும்பிக்கொள்ளும். அவர்களுக்கு அது தெரியாது. பகல், பக்கம், தங்கம் மூன்றிலும் ‘க’ மூன்று விதம். விதியைச் சொல்லி விளக்காதே. பொருளைக் கையில் கொடுத்து, வார்த்தையை வாயால் பல முறை சொல்லவைத்து, அதன் பிறகே எழுத்தைக் காட்டு. இதற்குச் சலிப்படையாமல் நேரம் கொடு சரசு, அந்தப் பிள்ளைகள் பெரும்பாலும் பின் வரிசையில் பேசாமல் உட்கார்ந்தே வகுப்பைக் கடந்துவிடுகிறார்கள்.

உண்மையில் வாசிக்கிறார்களா என்று பார்க்க இரண்டு வழி. வரியின் கடைசி வார்த்தையிலிருந்து பின்னோக்கிக் கைவைத்துக் கேள். இல்லாவிட்டால் ‘மடப், தபாம், பாகட்’ என்று பொருளில்லாத வார்த்தை எழுதிக் கொடு. படம் போட்ட புத்தகத்தில் படத்தைக் கையால் மறைத்துவிடு. பள்ளியில் எண்ணும் எழுத்தும் வகுப்பில் அவர்கள் எந்த நிலையில் இருக்கிறார்கள், அரும்பா, மொட்டா, மலரா என்று டீச்சரிடம் கேட்டுக்கொண்டால் உனக்கும் வேலை மிச்சம்.

ஆங்கிலத்துக்கும் ஒலிதான் முதலில். எஸ், ஏ, டி, ஐ, பி, என் (s, a, t, i, p, n) ஆறெழுத்தையும் பெயரால் இல்லாமல் ஒலியால் சொல்லிக்கொடுத்தால் பின், டின், சிட் போல நிறைய மூன்றெழுத்து வார்த்தை கிடைக்கும். தமிழில் வல்லின மெய்யில் முடியும் வார்த்தை இல்லாததால் ‘சிட்’ நம் பிள்ளை வாயில் ‘சிட்டு’ ஆகிவிடும். கடைசி ஒலியைக் குரலில்லாமல், வாய்க்கு முன்னால் வைத்த உள்ளங்கையில் காற்று படும்படி மட்டும் சொல்லச் சொல். தமிழில் துணைக்கால் வரை தாண்டாத பிள்ளைக்கு இதை இப்போது தொடங்காதே.

பழைய காலண்டர் அட்டையில் மூன்று அங்குலச் சதுரமாக வெட்டி ட, ப, ம, க, த வரை எழுதி வைத்திருக்கிறேன், ஒவ்வொன்றும் நாலு. ஞாயிற்றுக்கிழமை திருப்பூர் வரும் தம்பியிடம் கொடுத்துவிடுகிறேன். துணைக்கால் அட்டையை மட்டும் வேறு நிறத்தில் நீயே எழுதிக்கொள்.

அன்புடன்,
கமலா