284 பவுண்டு மாவு

பாப்பா,

அம்மா எழுதுறேன். நேத்து ராத்திரி பேசும்போதே உன் குரல் சரியில்லன்னு தெரிஞ்சுது, என்னடான்னு கேட்டா தூக்கம் வருதும்மான்னு வெச்சுட்ட. அப்புறம் மாப்ள தான் போன் பண்ணி மெதுவா சொன்னாரு, ப்ராக்டிகல் எக்ஸாம்ல ரொட்டி சரியா எழும்பல, மேல தோல் மட்டும் சீக்கிரமே இறுகிப்போச்சு, ஃபெயில் போட்டுட்டாங்க, ரெண்டு நாளா சரியா சாப்பிடக்கூட இல்லன்னு. எங்கிட்ட சொல்லியிருக்கலாமேடா. பதினாலு வருஷம் கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்துட்டு இப்போ முப்பத்தேழு வயசுல மாவு பிசைய போறேன்னு நீ சொன்னப்போ நான் ஒரு வார்த்தை வேணாம்னு சொல்லல, இப்பவும் சொல்ல மாட்டேன்.

கூட படிக்கிறவங்க எல்லாம் பத்தொம்பது இருபது வயசு பசங்க, அவங்க முன்னாடி அசிங்கமா போச்சுன்னு மாப்ளகிட்ட சொன்னியாமே. அதக் கேட்டதுல இருந்து எனக்கு ஜூலியா சைல்ட் ஞாபகமாவே இருக்கு, அமெரிக்க டிவில ஃப்ரெஞ்சு சமையல் சொல்லிக்குடுத்து பேர் வாங்கினவங்க. நான் அவிநாசிலிங்கத்துல ஹோம் சயின்ஸ் படிச்சப்போ எங்க மேடம் ஒருத்தங்க அவங்க பேர சொல்லுவாங்க, அப்போ அது வெறும் பேரு தான். ரிட்டயர் ஆனப்புறம் தான் யூட்யூப்ல அந்த பழைய கறுப்பு வெள்ளை ப்ரோக்ராம் எல்லாம் உக்காந்து பாத்தேன், வயசான காலத்துல அவங்க தன் கதைய சொல்லி எழுதி வெச்சுட்டுப் போன புத்தகத்தையும் வாங்கிப் படிச்சேன். அவங்க இறந்தது 2004, புத்தகம் வந்தது 2006.

அவங்க பாரிஸ்ல கார்டன் ப்ளூ சமையல் ஸ்கூல்ல போய் சேர்ந்தது 1949 அக்டோபர். அப்போ அவங்க வயசு என்ன தெரியுமா, முப்பத்தேழு. உன் வயசு தான். கூட படிச்சவங்க எல்லாம் பட்டாளத்துல இருந்து வந்த அமெரிக்க ஆம்பளைங்க, போர் முடிஞ்சு கவர்மென்ட் பணத்துல தொழில் கத்துக்க வந்தவங்க. அவங்களுக்கு நடுவுல ஆறடிக்கு மேல உயரமா இந்த அம்மா ஒருத்தங்க மட்டும். காலைல ஏழரைக்கு க்ளாஸ். வாத்தியார் மாக்ஸ் பூன்யார்னு ஒரு வயசான செஃப். முட்டைய நல்லா அடிச்சு பொரிக்கிறது எனக்குத் தெரியும்னு இவங்க ஆரம்பிச்சிருக்காங்க, அவரு அப்பிடி இல்லன்னு நிறுத்தி, சின்ன தீயில பொறுமையா கிளறி கிளறி பண்ணிக் காட்டியிருக்காரு. தெரிஞ்ச முட்டையவே முதல்ல இருந்து கத்துக்கிட்டாங்க.

இந்த அம்மா ஒண்ணும் சின்ன வயசுல இருந்து சமையல்கட்டுலயே வளர்ந்தவங்க இல்ல. கலிஃபோர்னியால வசதியான வீடு, அங்க சமைக்க ஆள் இருந்துச்சு. போர் வந்ததும் ராணுவத்துல சேர மனு போட்டாங்க, உயரம் ஜாஸ்தின்னு வேணாம்னுட்டாங்க. அப்புறம் அமெரிக்க உளவுத்துறைல வேலை கெடச்சுது. நெறய பேரு இவங்கள உளவாளின்னு சொல்றாங்க, அது சரி கெடையாது, இவங்க ஃபைல் பாத்துக்கிட்டவங்க, ரகசிய பேப்பர் அத்தனையும் இவங்க கை வழியா தான் போகும். அந்த வேலைக்காக 1944-ல எங்க வந்தாங்க தெரியுமா, கண்டிக்கு!

நான் பொறந்த ஊருக்குப் பக்கம்டா அது. உன் பாட்டி அப்போ பத்து வயசுப் பொண்ணு. பேராதனைப் பூங்காவ வெள்ளக்காரப் பட்டாளம் எடுத்துக்கிச்சு, லாரி லாரியா போவும், கொழுந்து எடுக்கப் போற பொம்பளைங்க ஓரமா ஒதுங்கி நிப்பாங்கன்னு பாட்டி சொல்லுவாங்க. அந்தப் பட்டாளத்துக்குத் தலைவரா இருந்த மவுண்ட்பேட்டன் டெல்லில இருந்து ஆபீஸ அங்க மாத்திக்கிட்டது அந்த வருஷம் தான். அந்த ஊர்ல தான் ஜூலியா, பின்னாடி புருஷனா வந்த பால் சைல்டுங்கிறவர பாத்தாங்க. அவரு அங்க மேப், சார்ட் எல்லாம் வரையுற வேலைல இருந்தாரு, இவங்கள விட பத்து வயசு மூத்தவரு, நல்லா ருசிச்சு சாப்பிடத் தெரிஞ்ச மனுஷன். எங்க தோட்டத்து லயத்துல (லைன் வீட்டுல) இருந்து கொஞ்ச தூரத்துல இது நடந்திருக்குன்னு படிச்சப்போ எனக்கு என்னமோ மாதிரி ஆயிடுச்சு. 1946-ல கல்யாணம், மொத நாள் கார் ஆக்ஸிடென்ட் ஆகி தலையில கட்டோட தான் கல்யாணத்துல நின்னாங்க. புருஷனுக்கு ஆசையா கன்னுக்குட்டி மூளைய ஒயின்ல வேகவெச்சு பண்ணினது ஒரே கொழகொழன்னு போச்சாம். சமையல்ல அவங்க ஆரம்பம் அது தான்.

இப்போ எக்ஸாம் விஷயத்துக்கு வரேன், இதுக்காகத்தான் இவ்வளவும். கார்டன் ப்ளூல மொத தடவ இறுதிப் பரீட்சைல அவங்க ஃபெயில்டா. ஒரு வருஷத்துக்கு மேல ராத்திரி பகலா கஷ்டமான சாஸ், பெரிய பெரிய மீன் ஐட்டம் எல்லாம் போட்டு பழகியிருக்காங்க, பரீட்சைல கேட்டது என்னன்னா அரை வேக்காட்டு முட்டை, ஒரு கறி ஐட்டம், அப்புறம் கேரமல் புட்டிங். ஸ்கூல் ஆரம்பத்துல குடுத்த சின்ன புத்தகத்துல இருந்த சாதாரண ஐட்டம், அத இவங்க திருப்பியே பாக்கல. முட்டைய தப்பா பண்ணிட்டாங்க, புட்டிங்குக்கு அளவு ஞாபகம் வரல. கேரமல் புட்டிங் பாப்பா! நான் ப்ளஸ் ஒன் பொண்ணுங்களுக்கு இட்லி குண்டான்ல வெச்சு சொல்லிக்குடுத்த அதே புட்டிங்.

அப்புறம் அவங்க என்ன பண்ணினாங்கங்கிறது தான் எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். அன்னிக்கு மத்தியானமே யாருக்கும் தெரியாம ஸ்கூலோட கீழ்த்தள கிச்சனுக்கு தனியா இறங்கிப் போயி, அந்த புத்தகத்த பிரிச்சு வெச்சுக்கிட்டு, பரீட்சைல கேட்ட மூணு ஐட்டத்தையும் கோவம் கோவமா ஒண்ணுவிடாம சரியா பண்ணி, அவங்களே உக்காந்து சாப்பிட்டாங்க. அழுதாங்களா இல்லயான்னு தெரியாது, ஆனா சாப்பிட்டாங்க. நீ ரெண்டு நாளா சாப்பிடலன்னு மாப்ள சொன்னப்போ எனக்கு இது தான் மனசுல ஓடுச்சு. அவங்களுக்கு டிப்ளமோ அந்த 1951-லயே கெடச்சுது.

அதுக்கப்புறமும் எல்லாம் சட்டுனு நடந்துடல. சிமோன் பெக், லூயிசெட் பெர்தோல்னு ரெண்டு ஃப்ரெஞ்சு தோழிங்களோட சேர்ந்து அமெரிக்கப் பொம்பளைங்களுக்காக ஒரு சமையல் புத்தகம் எழுத ஆரம்பிச்சாங்க. புருஷன் பாலுக்கு கவர்மென்ட் உத்தியோகம், மார்சேய், ஜெர்மனி, வாஷிங்டன், ஆஸ்லோன்னு ஊர் ஊரா மாத்துறாங்க, இவங்க சட்டி பானையோட டைப்ரைட்டரையும் தூக்கிக்கிட்டு பின்னாடியே போறாங்க, ஒவ்வொரு ஐட்டத்தையும் திரும்பத் திரும்ப செஞ்சு பாத்து கார்பன் வெச்சு டைப் அடிச்சு தோழிங்களுக்கு அனுப்புறாங்க. எட்டு ஒம்போது வருஷ உழைப்பு. அட்வான்ஸ் குடுத்த கம்பெனி இது ரொம்பப் பெருசுன்னு வேணாம்னு சொல்லிடுச்சு. கடைசில வேற ஒரு கம்பெனில ஜூடித் ஜோன்ஸ்னு ஒரு எடிட்டர் அத வீட்டுக்கு எடுத்துட்டுப் போயி சமைச்சுப் பாத்து, இது போடணும்னு ஒத்தக்கால்ல நின்னாங்க. 1961-ல புத்தகம் வந்துச்சு. ஜூலியாவுக்கு வயசு நாப்பத்தொம்போது.

டிவி அதுக்கும் அப்புறம். பாஸ்டன்ல ஒரு டிவில புத்தகம் பத்திப் பேச கூப்பிட்டாங்க, சும்மா போகாம மின்சார அடுப்பு, சட்டி, முட்டை எல்லாம் எடுத்துட்டுப் போயி அங்கயே ஆம்லெட் போட்டுக் காட்டினாங்க. பாத்தவங்க இன்னும் வேணும்னு லெட்டர் போட்டுட்டாங்க. 1963 பிப்ரவரில ப்ரோக்ராம் ஆரம்பம், அம்பது வயசுல. அந்த ஸ்டேஷனோட ஸ்டூடியோ தீப்பிடிச்சு எரிஞ்சு போயிருந்ததால கரண்டு கம்பெனியோட டெமோ கிச்சன்ல வெச்சு எடுத்தாங்க. ரெண்டே கேமரா, அரைமணி நேரமும் நிறுத்தாம ஒரே ஓட்டமா எடுக்கணும், வெட்டி ஒட்ட காசு கெடையாது. கடைசில மேசைல உக்காந்து ஒயின் குடிக்கிறாங்கல்ல, அது ஒயினே இல்ல, குழம்புக்கு நிறம் குடுக்குற ஏதோ கலர தண்ணில கலந்தது. புருஷன் பால் தான் சாமான் தூக்குவாரு, ஷூட்டிங் முடிஞ்சா பாத்திரம் கழுவுவாரு. இதப் படிக்கும்போது மாப்ள ஞாபகம் வந்துச்சு, நீ சேர்ந்த நாள்ல இருந்து உன் மாவுப் பாத்திரம் எல்லாம் அவரு தான் தேய்க்கிறாருன்னு எனக்குத் தெரியும்.

ஒரு நாள் உருளைக்கிழங்கு அடை மாதிரி ஒண்ண தோசைக்கல்லுல இருந்து தூக்கிப் போட்டு திருப்பப் பாத்தாங்க, பாதி வெளிய அடுப்பு மேல விழுந்துடுச்சு. (தரையில கோழிய போட்டுட்டாங்கன்னு ஒரு கதை ஊரெல்லாம் சுத்துது, அது பொய், விழுந்தது கிழங்கு தான்.) நான் அந்த வீடியோவ நாலஞ்சு தடவ பாத்திருக்கேன். மூஞ்சி சுருங்கல. விழுந்தத கையால எடுத்து திரும்ப அதுலயே வெச்சு தட்டிவிட்டு, திருப்பும்போது நான் துணிச்சலா திருப்பல, அதான் இப்பிடி ஆச்சுன்னு பாக்கிறவங்களுக்கு காரணத்தச் சொல்லிட்டு அடுத்த வேலைக்குப் போயிட்டாங்க. சாப்பாடு எப்பிடி வந்திருந்தாலும் பரிமாறும்போது மன்னிப்பு கேக்காதீங்கங்கிறது அவங்க கொள்கை.

இந்த இடத்துல நான் உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். போன பொங்கலுக்கு நீ ஆரஞ்சு கேக் பண்ணி எடுத்துட்டு வந்தியே, பெரியம்மா தட்ட கையில வாங்கக்கூட இல்ல, அதுக்குள்ள "சாரி, கொஞ்சம் ட்ரை ஆயிடுச்சு"ன்னு சொன்ன. ட்ரையாவே இல்லடா அது. நீ சொன்னதால எல்லாரும் அத தேடிக்கிட்டே சாப்பிட்டாங்க. அன்னிக்கு ராத்திரி படுத்துட்டு யோசிச்சேன், இது யார்கிட்ட கத்துக்கிட்டான்னு. எங்கிட்ட தான். நாப்பது வருஷமா அப்பாவுக்கு தட்டு வைக்கும்போதெல்லாம் உப்பு கம்மியா இருக்கும், பாத்துக்கோங்க, இன்னிக்கு ரசம் சுமார் தான்னு சொல்லி சொல்லியே பரிமாறியிருக்கேன், நீ பக்கத்துல உக்காந்து கேட்டுட்டு வளர்ந்திருக்க. க்ளாஸ்ல நாப்பது பொண்ணுங்களுக்கு தைரியமா செய்ங்கன்னு சொன்னவ, வீட்டுல உனக்கு இதையா குடுத்தேன்னு மனசு ரொம்ப கஷ்டமா போச்சு. நான் நிறுத்திட்டேன். பொங்கல்ல இருந்து அப்பாவுக்கு தட்ட வெச்சுட்டு பேசாம நகர்ந்துடுறேன்.

சரி, உன் ரொட்டிக்கு வரேன். ரெண்டாவது புத்தகத்துக்கு ஃப்ரெஞ்சு ரொட்டி எப்பிடி பண்றதுன்னு எழுதிக் குடுங்கன்னு ஜூடித் ஜோன்ஸ் கேட்டாங்க. பிரான்ஸ்ல யாரும் அத வீட்டுல பண்றதே இல்ல, தெருமுனை பேக்கரில வாங்குவாங்க. இவங்களும் புருஷன் பாலும் வீட்டு ஓவன்ல செஞ்சு செஞ்சு பாத்தா உனக்கு வந்த மாதிரியே தான், மேல தோல் சீக்கிரம் காய்ஞ்சு போயி உள்ள எழும்ப முடியாம நிக்குது. பாரிஸ்ல ரேமோன் கால்வெல்னு ரொட்டிக்கே பேர்போன ப்ரொஃபசர், அவருகிட்ட போய் மாவு எவ்வளவு தளர்வா இருக்கணும், எப்பிடி மடிக்கணும், எவ்வளவு மெதுவா பொங்க விடணும்னு கத்துக்கிட்டு வந்தாங்க. அப்புறம் ஓவன் பிரச்சினை. பேக்கரி ஓவன்ல அடியில சூடான கல் இருக்கும், நீராவியும் அடிக்கும். அந்த ஈரம் இருக்கிறதால தான் மொத கொஞ்ச நிமிஷம் தோல் இறுகாம இழுத்துக் குடுக்கும், ரொட்டி எழும்பும், அப்புறம் பளபளன்னு மொறுமொறுன்னு ஆகும். வீட்டுல அதுக்கு ஓடு ஒண்ண ஓவன்ல வெச்சு காய விட்டு ரொட்டிய அது மேல போட்டாங்க, கீழ தண்ணித் தட்டு வெச்சு அதுல பழுக்கக் காய்ச்சின கல்ல போட்டு குப்புன்னு ஆவி வரவெச்சாங்க. (மொதல்ல ஆஸ்பெஸ்டாஸ் ஓடு தான் சொன்னாங்க, அது கெடுதல்னு தெரிஞ்சதும் மாத்தச் சொல்லிட்டாங்க. நீ அத தொடக்கூடாது.) இந்த ஒரு ரொட்டி சரியா வர்றதுக்கு அவங்களுக்கு ரெண்டு வருஷம் ஆச்சு, 284 பவுண்டு மாவு ஆச்சு. நம்ம 25 கிலோ மூட்டைல அஞ்சு மூட்டைக்கு மேல! அதுக்குள்ள அவங்க ஊரறிஞ்ச டிவி ஸ்டார், எம்மி அவார்ட் எல்லாம் வாங்கியாச்சு, அப்பவும் மாவோட மல்லுக்கட்டிட்டு இருந்தாங்க. நீ எவ்வளவு மாவு செலவு பண்ணியிருப்ப, ஒரு மூட்டை?

எனக்கும் அந்த ரொட்டி ஆசை ஒண்ணு இருக்கு. கண்டில ரோஸ் பாண்னு கெடைக்கும், மேல நல்லா சிவந்து மொறுமொறுன்னு இருக்கும். சம்பளத்தன்னிக்கு தாத்தா டவுன்ல இருந்து வாங்கிட்டு வருவாரு, அந்த தோல பிச்சு மொதல்ல எனக்குத் தருவாரு. 1971-ல ஒம்போது வயசுல தலைமன்னார்ல கப்பல் ஏறி ராமேஸ்வரம் வந்து, மண்டபம் கேம்ப்ல கெடந்து, அப்புறம் கோத்தகிரி வந்து சேர்ந்தோம். இங்க வர்க்கி கெடச்சுது, பன்னு கெடச்சுது, அந்தத் தோல் மட்டும் கெடைக்கல. இவ்வளவு நாள் உங்கிட்ட இத சொன்னதே இல்ல.

பழைய சமையல்கட்டுக் கூரைய பிரிச்சப்போ எடுத்து வெச்ச தட்டை ஓடு ஒரு அடுக்கு பின்னாடி கெடந்துச்சு. அதுல விரிசல் இல்லாத நாலு ஓட்ட எடுத்து, சோப்பு போடாம வெறும் தண்ணில தேய்ச்சு, மூணு நாள் வெயில்ல காய வெச்சு, அப்பாவோட பழைய வேட்டில ஒவ்வொண்ணா சுத்தி இன்னிக்கு காலைல பார்சல் போட்டாச்சு. வியாழக்கிழமை வந்துடும்னு சொன்னாங்க. வந்ததும் தட்டிப் பாரு, கணீர்னு சத்தம் வந்தா நல்ல ஓடு, டப்புன்னு கேட்டா அத தனியா வெச்சுடு. ஓவன் சூடானப்புறம் ஓட்ட உள்ள வைக்காத, வெடிச்சிடும், ஆறின ஓவன்ல வெச்சு அதோடயே முக்கால் மணி நேரம் காய விடு. மேல ஒரு சொட்டு பச்சத்தண்ணி படக்கூடாது, ஆவிக்கான தண்ணித் தட்டு கீழ தான். மறு பரீட்சை என்னிக்குன்னு மட்டும் சொல்லு, அதுக்கு மறுநாள் நானும் அப்பாவும் அங்க வரோம், டிக்கெட் பாத்து வெச்சிருக்கேன். வர்றப்போ எனக்கு ஒரு ரொட்டி போட்டு வை, தோல் எனக்கு.

அம்மா