ஏழு பேர் வண்டியில் பதினொரு பேர்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் பத்திரிகையில் வண்டிகளைப் பற்றி வருவதை ஒன்று விடாமல் படிக்கிறவன் நான். என்ன மாடல் வந்தது, என்ன விலை, எத்தனை கலர், எல்லாம் வருகிறது, சந்தோஷம். ஆனால் வாங்கின வண்டியைப் பத்துப் பன்னிரண்டு வருஷம் குடும்பத்தோடு வைத்து ஓட்டுவது எப்படி என்று ஒரு பத்தி கூடக் கண்ணில் படவில்லை. அதிலும் இந்த ஏழு சீட் சின்ன வேன் வைத்திருக்கிற எங்களைப் போன்றவர்களை யாரும் கண்டுகொள்வதே இல்லை.

எங்கள் பக்கம் வேன் என்பது சொகுசுக்கு வாங்குகிற சாமான் இல்லைங்க. குலதெய்வக் கோயிலுக்குக் கிடாய் வெட்டப் போனால் ஆட்களோடு அண்டா, அரிசி மூட்டை, வாழை இலைக் கட்டு எல்லாம் ஏற வேண்டும். கல்யாணச் சீர் அதில்தான் போகும், பவானி கூடுதுறைக்கும் பண்ணாரி குண்டம் திருவிழாவுக்கும் அதில்தான் போவோம், திங்கட்கிழமை ஆனால் பின்சீட்டை மடக்கிப் போட்டுவிட்டுத் தேங்காயோ பனியன் பண்டலோ ஏற்றுவோம். 1984-ல் வந்த மாருதி வேன்தான் பிறகு ஆம்னி ஆனது, 796 சிசி, மூன்று சிலிண்டர், 2019 வரைக்கும் விற்றது. 2010-ல் ஈக்கோ வந்தது, 2012-ல் எர்டிகா, 2019-ல் நாலு மீட்டருக்குள் ஏழு பேரை அடக்குகிற டிரைபர். பேர்தான் மாறியது. நாம் ஏற்றுவது அன்றைக்கும் இன்றைக்கும் ஒன்றுதான்.

முதலில் எஞ்சினைக் குளிர்விக்கிற தண்ணீரைச் சொல்கிறேன், எங்கள் ஊர்ப் பட்டறையில் நிற்கிற வேன்களில் முக்கால்வாசி இதனால்தான் நிற்கிறது. ஆம்னி, ஈக்கோ இரண்டிலும் எஞ்சின் முன்சீட்டுக்கு அடியில், அந்தத் தண்ணீரின் சூட்டை ஆற்றுகிற ரேடியேட்டர் வண்டி மூக்கில். நடுவில் ஓடுகிற ரப்பர் ஹோஸும் பைப்பும் மற்ற கார்களை விட நீளம், எங்கே கசிந்தாலும் குனிந்து பார்த்தால்தான் தெரியும். இதில் நம் ஆட்கள் ஊற்றுவது என்ன? ஆயிரம் அடி போர்த் தண்ணி. காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர்ப் பக்கம் போர்த் தண்ணியைக் காய்ச்சினால் பாத்திரத்தின் அடியில் வெள்ளை வெள்ளையாகப் படிகிறதே, அதே உப்பு ரேடியேட்டரின் ஊசிக் குழாய்களில் போய் உட்காருகிறது. ஒன்றிரண்டு சித்திரை தாங்கும். அப்புறம் ஏதாவது ஒரு ஏற்றத்தில், ஏசியும் போட்டு, வண்டி நிறைய ஆட்களோடு போகும்போது புகை கிளம்பும்.

ரேடியேட்டரில் ஊற்ற வேண்டிய கூலன்ட் என்பது ஏதோ கலர்த் தண்ணி, கம்பெனிக்காரன் காசு பார்க்க வைத்தது என்று சொல்கிற மெக்கானிக்குகள் இன்னும் இருக்கிறார்கள். அது கொதிநிலையை ஏற்றுகிறது, உள்ளே துரு பிடிக்காமல் பார்க்கிறது. கலக்கிய நிலையில் வருவதை அப்படியே ஊற்றலாம், கெட்டியாக வருவதைப் பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டரோடு கலந்து ஊற்ற வேண்டும், அவ்வளவுதான் விஷயம். ரேடியேட்டர் மூடியில் இருக்கிற ரப்பர் வாஷரையும் ஒரு தடவை பாருங்கள். அது காய்ந்து வெடித்திருந்தால் உள்ளே அழுத்தம் நிற்காது, அழுத்தம் நிற்காவிட்டால் தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடும். மூடி மலிவு, கொதித்தால் போவது எஞ்சின் தலைப்பகுதிக்கு அடியில் இருக்கிற ஹெட் கேஸ்கட், அதற்கு மேல் போனால் அந்தத் தலைப்பகுதியான ஹெட்டே. ஆயில் கேஜைத் துடைத்துப் பார்க்கும்போது பால் விட்ட காப்பி நிறத்தில் ஆயில் வந்தால், உள்ளே தண்ணீர் கலந்தாயிற்று என்று அர்த்தம். வண்டியை எடுக்காதீர்கள்.

இன்னொரு கொடுமை, "தெர்மோஸ்டாட்டைக் கழட்டிட்டேங்க, இனி ஹீட் ஆகாது" என்று பெருமையாகச் சொல்லி அனுப்புவது. எஞ்சின் சூடான பிறகுதான் தண்ணீரை ரேடியேட்டருக்கு விடுகிற வால்வு அது, அது இல்லாவிட்டால் எஞ்சின் தேவையான சூட்டுக்கு வரவே நேரமாகும், பெட்ரோல் குடிக்கும், தேய்மானமும் கூடும். அடைத்துக்கிடக்கிற ரேடியேட்டரைச் சுத்தம் செய்ய வேண்டிய இடத்தில், நல்லாயிருக்கிற வால்வைப் பிடுங்கிப் போடுவது என்ன வைத்தியமோ தெரியவில்லை.

அடுத்தது பாரம். ஆளுக்கு 65 கிலோ வைத்தாலும் ஏழு பேர் 455 கிலோ. நோம்பிக்கு (திருவிழாவுக்கு) போகும்போது நாம் ஏற்றுவது பதினொரு பேர், மடியில் உட்காருகிற குழந்தைகளைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அந்தப் பதினொன்றே 715 கிலோ. அண்டா தனி. ஏழு சீட்டிலும் ஆள் உட்கார்ந்தால் சாமான் வைக்க இடம் கிடையாது என்பதால் மேலே கேரியர் கட்டி அதிலும் ஏற்றுகிறோம். கடைசி சீட்டுக்காரர்களின் எடை பின் ஆக்சில் மேலும் அதற்குப் பின்னாலும் விழுவதால் வண்டியின் மூக்கு தூக்கிக்கொள்ளும், ஸ்டியரிங் லேசாகிவிடும், ராத்திரியில் ஹெட்லைட் தென்னை மரத்து உச்சியைப் பார்க்கும். எதிரே வருகிறவன் திட்டுவான். ஹெட்லைட்டைக் கீழே இறக்க ஒரு திருகு பல வண்டிகளில் ஸ்டியரிங் பக்கத்திலேயே இருக்கிறது, அதைத் தொட்டவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

டிரைவர் கதவைத் திறந்தால் ஓரத்தில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், காலியாகப் போனால் எவ்வளவு காற்று, பாரத்தோடு போனால் எவ்வளவு என்று இரண்டு கணக்கு போட்டிருப்பார்கள். பெட்ரோல் பங்கில் காற்றுப் பிடிக்கிற தம்பி "எவ்வளவுங்ணா?" என்று கேட்டால், அதைப் பார்க்காமலே "முப்பது வெச்சிரு கண்ணு" என்கிறோம். பின் டயர் பாரத்தில் அமுங்கி ஓடினால் பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடாகும், மே மாத வெயிலில் அவிநாசி பைபாஸில் அது வெடித்தால் பழியைத் தார் ரோட்டின் மேல் போடுவோம்.

டயருக்கு வயசும் உண்டு. பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் கடைசியாக நாலு எண் இருக்கும். 2319 என்று இருந்தால் 2019-ஆம் வருஷத்தின் 23-ஆவது வாரத்தில் செய்தது. பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் கிலோமீட்டர் மீட்டரைப் பார்க்கிறோம், பெயிண்ட்டைத் தட்டிப் பார்க்கிறோம், இந்த நாலு எண்ணைப் பார்ப்பதில்லை. தோட்டத்துச் சாளையில் (கொட்டகையில்) நின்றுகொண்டே இருக்கிற வண்டியில் டயர் பட்டன் தேயாமல் புதுசு மாதிரி இருக்கும், ரப்பர் மட்டும் காய்ந்து மயிரிழை மயிரிழையாக வெடித்திருக்கும். ஸ்டெப்னியையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், அது பெரும்பாலும் வண்டியோடு வந்த அதே டயராகத்தான் இருக்கும்.

அப்புறம் காற்று. இது எங்கள் ஊருக்கே உரியது. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்றுக்கு அம்மியே பறக்கும் என்று சொல்லிக்கொண்டே, உயரமான, எடை குறைந்த, ஒல்லி டயர் போட்ட வேனைப் பல்லடம், உடுமலை ரோட்டில் நூறில் விரட்டுகிறோம். அந்தப் பக்கம் காற்றாலைகளைச் சும்மாவா நட்டு வைத்திருக்கிறார்கள்? ஆள் இல்லாமல் காலியாகப் போகும்போது இன்னும் மோசம். லாரியை முந்தும்போது லாரி மறைப்பில் காற்று நின்றுவிடும், நாமும் ஸ்டியரிங்கை அதற்கு ஏற்ற மாதிரி பிடித்திருப்போம், லாரி மூக்கைத் தாண்டியதும் காற்று பக்கவாட்டில் ஒரே தள்ளு தள்ளும். அந்த இரண்டு மாதமாவது வேகத்தைக் குறைத்துக்கொண்டு, கேரியரைக் கழட்டி வைத்துவிட்டுப் போங்கள்.

மலைக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்வது பிரேக் ஆயில் ஒன்றுதான். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு, திம்பம் மலைப்பாதையில் 27. ஏறும்போது எஞ்சினுக்குக் கஷ்டம், இறங்கும்போது பிரேக்குக்கு. பிரேக் ஆயில் காற்றிலிருக்கிற ஈரத்தை உறிஞ்சும், ஈரம் சேர்ந்த ஆயில் சூட்டில் கொதித்துக் குமிழ் விட்டால் பெடல் பஞ்சாகக் கீழே போகும். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றச் சொல்கிறார்கள், குறைந்தால் மேலே கொஞ்சம் ஊற்றுவதோடு நாம் சரி. எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள், மைலேஜுக்காக நியூட்ரலில் விடுகிறவர்களை என்ன சொல்வது.

மற்றதெல்லாம் சின்னச் சின்னது. பக்கக் கதவு தள்ள வராமல் முரண்டு பிடித்தால், கீழ்த் தண்டவாளத்தில் காட்டு மண்ணும் நிலக்கடலைத் தொலியும் அடைந்திருக்கும், பிரஷ்ஷால் சுரண்டிவிட்டு ரோலருக்குக் கொஞ்சம் கிரீஸ் வைத்தால் போதும், உதைத்து மூட வேண்டியதில்லை. பின்சக்கரம் தள்ளுகிற வண்டிக்குக் கிரவுன் ஆயில் என்று ஒன்று உண்டு, பின் ஆக்சில் நடுவில் இருக்கிற பல்சக்கரங்களுக்கு ஊற்றுவது, எஞ்சின் ஆயில் மாற்றுகிறபோதெல்லாம் மாற்றத் தேவையில்லை என்றாலும் ஜென்மத்துக்கும் மாற்றாமல் இருக்கக் கூடாது. சாளையில் வண்டி நின்றால் எலி ஒயரைக் கடிக்கும், புகையிலை கட்டுகிறார்கள், பலன் எலியைப் பொறுத்தது.

ஆனால் ஒன்று சின்னது இல்லை. சமையல் கேஸ் சிலிண்டரைப் பின்சீட்டுக்கு அடியில் வைத்து ஓட்டுகிற வேன்கள் இன்னும் ஓடுகின்றன, சிலதில் பள்ளிக்கூடக் குழந்தைகளும் ஏறுகிறார்கள். அனுமதி பெற்ற கிட் போட்டு ஆர்சியில் (வண்டிப் பதிவுச் சான்றில்) ஏற்றிக்கொண்டால் கேஸில் ஓட்டுவதில் தப்பில்லை. வீட்டு சிலிண்டரை வைத்து வண்டி ஓட்டுவது சட்டத்துக்கும் விரோதம், அதன் மேல் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளுக்கும் ஆபத்து. பெட்ரோல் வண்டியிலும், எஞ்சின் சீட்டுக்கடியில் இருப்பதால், உள்ளே லேசாகப் பெட்ரோல் வாடை வந்தால்கூட ஜன்னலை இறக்கிவிட்டுச் சமாளிக்காமல் அன்றைக்கே பெட்ரோல் பைப்பைப் பார்க்க வேண்டும்.

சொந்த வண்டிக்குப் பதினைந்து வருஷத்தில் ஆர்சி புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலிலிருந்து 5,000, இருபது வருஷம் தாண்டினால் 2025 ஆகஸ்ட்டிலிருந்து 10,000. பழைய வண்டியைக் கழித்துவிடச் சொல்லித்தான் இவ்வளவு என்கிறார்கள். ஏழு பேர் வீட்டுக்குப் புது வேன் வாங்க எல்லாரிடமும் பணம் இருக்கிறதா என்ன? வயசுக்குக் காசு வாங்குகிற அரசு, அந்தக் காசுக்கு டயர் தேதியையும் பிரேக்கையும் ரேடியேட்டரையும் நிஜமாகப் பார்த்துச் சான்று கொடுத்தால், நான் முணுமுணுக்காமல் கட்டுவேன்.

ஆசிரியரிடம் கேட்பது இவ்வளவுதான். மாதம் ஒரு தடவை பராமரிப்புக்கு அரைப் பக்கம் ஒதுக்குங்கள், பட்டறையில் கை கறுத்த ஆளைப் பேசவிட்டு எழுதுங்கள். முதல் தடவை டயர் எண் எங்கே இருக்கும் என்று படம் போடுங்கள். எழுத்து மட்டும் கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும், எங்கள் ஊரில் வேன் சாவி பெரும்பாலும் கண்ணாடி போட்டுப் படிக்கிறவர்கள் இடுப்பில்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
காங்கேயம் வட்டம், திருப்பூர் மாவட்டம்.