போட்டி முடிந்ததும் கலைந்துபோகும் சிறுவர் பாடற்குழுக்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

அகில இலங்கைத் தமிழ்மொழித் தினப் போட்டி நெருங்கும்போது எமது மட்டக்களப்பு மாவட்டப் பாடசாலைகளில் குழு இசைக்கெனப் பிள்ளைகள் தெரிவுசெய்யப்பட்டு, ஒரே பாடலை வாரக்கணக்கில் பயில்கிறார்கள். கோட்ட மட்டத்திலோ வலய மட்டத்திலோ தோற்றதும் அக்குழு கலைந்துவிடுகிறது. மாகாணம் வரை சென்ற குழுவுக்கும் கதி அதுதான். சேர்ந்து பாடப் பழகிய பிள்ளைகளுக்கு அதன்பின் பாட மேடையுமில்லை, பயிற்றுவிக்க ஆளுமில்லை.

தனியாகப் பாடுவோருக்கு வட இலங்கைச் சங்கீத சபையின் தரப் பரீட்சைகளாவது உண்டு. சேர்ந்து பாடுவதோ வேறொரு பயிற்சி. பக்கத்தில் நிற்பவரின் குரலைக் கேட்டுத் தன் குரலை அடக்குவதும், பாட்டு அறுந்துபோகாதபடி ஆளுக்கோர் இடத்தில் மூச்செடுப்பதும், சொல்லின் கடைசி மெய்யெழுத்தை எல்லோரும் ஒருமித்து முடிப்பதும் ஒரு மாதத்தில் கைவருவன அல்ல.

என்னை மிகவும் வருத்துவது குரல் உடையும் வயதிலுள்ள ஆண்பிள்ளைகளின் நிலை. அண்மையில் நான் பார்த்த ஒரு பயிற்சியில் சுருதிப்பெட்டி ஐந்து கட்டை என்ற உயர்ந்த சுருதியில் ஒலித்துக்கொண்டிருக்க, பின்வரிசையில் நின்ற ஒன்பதாந்தர மாணவன் மேல் ஸ்தாயி வந்த இடங்களிலெல்லாம் வாயை மட்டும் அசைத்தான். அடுத்த பயிற்சியில் அவனைக் காணவில்லை. குரல் சரியில்லையென்று நிறுத்திவிட்டார்களாம். குரல்வளை வளர்ந்து குரல்நாண்கள் நீளும் அக்காலத்தில் அவனுக்குத் தேவைப்பட்டது, சிரமமின்றித் தொடக்கூடிய நாலைந்து சுரங்களுக்குள் அமைந்த கீழ்க்குரல் வரியொன்றே. சோப்ரானோ எனும் உச்சக்குரல் வரியைப் பாடிய சிறுவன் அதற்கடுத்த ஆல்டோவுக்கும், பின்னர் ஆண்குரல் வரிகளான டெனருக்கோ பாஸுக்கோ இறங்குவது தேவாலயப் பாடகர் குழுக்களில் வழமைதானே!

பழந்தமிழிசை ஆய்வான யாழ் நூலைத் தந்த விபுலானந்த அடிகளாரின் பெயரிலேயே கல்லடியில் அழகியற் கற்கைகள் நிறுவகம் இயங்குகிறது. அங்குள்ள இசைத்துறையினரும் வலயக் கல்வி அலுவலகங்களும் இணைந்து, பரிசும் தரவரிசையும் இல்லாத சிறுவர் பாடற்குழுவொன்றை ஆண்டு முழுவதும் நடத்தினால் என்ன? பண்ணிசை பாடும் பிள்ளையும், இஸ்லாமியப் புகழ்ப்பாடலான கஸீதா பாடும் பிள்ளையும், கரோல் பாடும் பிள்ளையும், கிராமத்து வசந்தன் கூத்துப் பாட்டுக் கேட்டு வளர்ந்த பிள்ளையும் ஒரே வரிசையில் நின்று மற்றவரின் பாட்டைப் பயில்வது எமது மாவட்டத்துக்கு எவ்வளவு அவசியம் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

பயிற்சியை நகருக்குள் மட்டும் வைத்தால் வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரைப் பிள்ளைகளுக்கு எட்டாது. கொக்கட்டிச்சோலை, களுவாஞ்சிக்குடி, வாழைச்சேனை ஆகிய இடங்களிலும் கிளைக்குழுக்கள் வேண்டும். சனி, ஞாயிறு ரியூசனோடு மோதாத நேரத்தைப் பெற்றோருடன் பேசித்தான் குறிக்கவேண்டும். முதல் நிகழ்ச்சியை அடிகளாரின் நினைவு நாளான ஜூலை 19 அன்று தேவநாயகம் மண்டபத்தில் நடத்தலாம். இவ்வாண்டுப் போட்டிக்குத் தெரிவான குழுக்களைக் கலைக்காமல் வைத்திருக்கும்படி அதிபர்களுக்கு ஓர் அறிவித்தல் அனுப்பினாலே தொடக்கத்துக்குப் போதுமான பிள்ளைகள் கிடைத்துவிடுவர். அதனை வலயக் கல்விப் பணிப்பாளர்கள் உடனடியாகச் செய்யவேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
இளைப்பாறிய சங்கீத ஆசிரியை,
மட்டக்களப்பு.